சூனியக்காரியின் பிள்ளை மடுவம்

1

அதைத்தான் சொல்ல வந்தேன் பாக்கியம், அதற்குள் நீ கறிவேப்பிலைக் கன்று காய்ந்த கதையை எடுத்துவிட்டாய். அந்தச் சூனியக்காரி கெட்டவளே இல்லையாம்! காட்டோரத்தில் தனி வீடு. வீட்டில் ஆம்பிளை கிடையாது. நாலு மூலிகை தெரியும், கேட்டால் மருந்து அரைத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். ராஜாவுக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காதவளுக்குச் சூனியக்காரி என்று பேர் வைத்தாயிற்று. என் பேத்தி அபி இதைச் சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

இன்று காலை அவளுடைய புத்தகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறது. அட்டையில் முள்வேலி, அதற்குப் பின்னால் மலை. நம் ஹேவாஹெட்டைத் தேயிலை மலை மாதிரியே பனி மூடிக் கிடக்கிறது. அபி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தேனாம், அவளே திருப்பிக் கொடுத்தாள்.

நான் பேசுவதை உன் மகள் ஃபோனில் பதிந்து, எழுதி, பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாள் என்றாய். அனுப்பட்டும். நான் எழுத்துத் தெரியாதவள், அவள் டீச்சர், என் பேச்சை அச்சுத் தமிழாக்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் திருத்த வேண்டாம், அவரவர் வாய்ப்படியே இருக்கட்டும். பேர்களை மாற்றச் சொல். கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற நம் பிள்ளைக்கு யசோ என்பதே நான் மாற்றி வைத்த பேர்தான். அங்கே த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சும்மா நிற்கிற நேரமெல்லாம் பத்திரிகை வாசிப்பார்கள்.

2

லண்டனில் என் வேலை என்ன என்று கேட்பாயே, இதுதான். மகனும் மருமகளும் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். மகன் கண்டியில் ஹோட்டல் குசினியில் நின்றவன், இங்கேயும் குசினிதான், அடுப்பு மட்டும் பெரிது. மருமகள் வானதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்லவள், ஆனால் நான் பேச ஆரம்பித்தால், "மாமி, கதை காணும், தேத்தண்ணி ஆறுது" என்று நிறுத்திவிடுவாள். நான் வீட்டைக் கூட்டுவேன், துணி காயப் போடுவேன், ஜன்னலில் நின்று பஸ்களைப் பார்ப்பேன். எல்லா பஸ்ஸும் சிவப்பு. நம்மூரில் கண்டக்டர் கத்துவார், எழுத்துத் தெரியாதவள் எங்கே வேண்டுமானாலும் போய் இறங்கலாம். இங்கே யாரும் கத்துவதில்லை. நான் எங்கேயும் போவதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்காகத் தமிழ் பேசுகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். சென்னைப் பிள்ளை. "உட்காரக் கதிரை இல்லியா?" என்று கேட்டேன். கதிரை என்றால் நாற்காலி என்று அவளுக்குத் தெரியவில்லை போல, டாக்டரிடம் என்னமோ நீளமாகச் சொன்னாள், டாக்டர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

சாயங்காலம் அபி வருவாள். இருபத்தொரு வயது. என்னை அப்பம்மா என்பாள், அது தாய் வழக்கம். தமிழ் கொஞ்சம்தான் வரும், அதுவும் பாதி யாழ்ப்பாணம், பாதி நம் தோட்டம். அவளும் அவளுடைய சிநேகிதிகளும் பழைய ராஜகுமாரிக் கதைகளை எடுத்துப் பிரட்டிப் போட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். இங்கே இப்போது அதுதான் ஓட்டமாம். எழுதியதை எனக்குத் தட்டுத்தடுமாறிச் சொல்வாள். எனக்குத் திருவிழாதான்.

அவள் எழுதியது தூங்குகிற ராஜகுமாரி கதை. பழைய கதையில் ஒரு பெண் நூறு வருசம் தூங்குவாளாம், கோட்டையைச் சுற்றி முள் வளருமாம், ராஜகுமாரன் வந்து முத்தம் கொடுத்து எழுப்புவானாம்.

"தூங்குற புள்ளைக்கு முத்தம் குடுக்க இவன் யாருடி?" என்றேன்.

"அதைத்தான் அப்பம்மா நானும் கேக்கிறன்!" என்று குதித்தாள்.

அபியின் கதையில் அந்தப் பெண் தூங்கவே இல்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தூங்குகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார்கள், அதனால் அவள் பேச்சு ஒருத்தர் காதிலும் விழவில்லை. முள்வேலியும் வெளியாட்களைத் தடுக்க இல்லையாம். முள்ளெல்லாம் உள்ளே பார்த்து இருக்கிறதாம், அதை அவளே வெட்டிக்கொண்டு வெளியே வருகிறாளாம். எப்படி யோசித்திருக்கிறாள் பார்!

3

யசோ என் மகளுடைய மகள். தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், தகப்பன் கொழும்பில் வேறு குடும்பம். அவளை வளர்த்தது நானும் நீயும் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கொழுந்து பறிக்கப் போனால் அவள் உன் பிள்ளை மடுவத்தில்தான், நீ தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட அந்தக் கொட்டகையில்தான் கிடப்பாள். கல்யாணம் செய்து கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். பாலத்துக்குக் கீழே ஒரு அறை, ஆற்றுச் சத்தம் கேட்கும், புருஷன் ரமேஷ் த்ரீவீல். அவள் துணிக்கடையில் வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்று எனக்கு ஃபோன் எடுப்பாள், எனக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். வீட்டிலிருந்து எடுக்க முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் முகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

நான் என்ன செய்வேன், எட்டாத தூரத்தில் இருக்கிறேன். அபி சொன்ன கதையை அவளுக்குச் சொல்வேன். ராத்திரி கேட்டதைக் காலையில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும். யசோ நன்றாகச் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டுக் கேள்வி கேட்பாள்.

"அந்தப் பொண்ணு முள்ள வெட்டிட்டு எங்க போனா அம்மாச்சி?"

"காட்டுக்குள்ள."

"காட்டுல எங்க? ராவுக்கு எங்க படுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அபியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்து, "சூனியக்காரியிட வீட்டில" என்றாள். அதை யசோவுக்குச் சொன்னேன்.

"சோறு?"

மறுபடியும் அபியிடம். அவள் சூனியக்காரிக்கு ஒரு கிழங்குத் தோட்டம் போட்டாள்.

பிறகு ஒரு நாள் யசோ மெதுவாகக் கேட்டாள். "அவளுக்குப் புள்ள இல்லியா அம்மாச்சி?"

இதைச் சொன்னதும் அபி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வாசித்த எந்தக் கதையிலும், இவர்கள் திருப்பி எழுதிய எந்தக் கதையிலும், கதவைத் திறந்துகொண்டு போகிற ராஜகுமாரிக்குப் பிள்ளை இல்லையாம். எல்லாரும் கை வீசிக்கொண்டு போகிறவர்கள்தான். "நான் இதை யோசிக்கவே இல்லை அப்பம்மா. வேற என்ன கேட்டவ?" என்றாள். அன்றைக்கே அந்த ராஜகுமாரியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை ஏறிக்கொண்டது, யசோவின் மகள் வயசில். குழந்தை அழுதால் காவற்காரனுக்குக் கேட்குமே என்று யசோ கேட்டாள். சூனியக்காரி ஒரு இலை கொடுத்தாள்.

இப்படித்தான் அந்தப் புத்தகம் வளர்ந்தது. ஒருத்திக்குத் தமிழ் சரியாக வராது, இன்னொருத்திக்கு இங்கிலீஷே வராது. மச்சாள்மார் இரண்டு பேரும் நான் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. நான் என்னமோ தபால்காரி மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

சூனியக்காரி வீடு எப்படி இருக்கும் என்று அபி கேட்டபோது நான் உன் பிள்ளை மடுவத்தைச் சொன்னேன். கோவித்துக்கொள்ளாதே. வரிசையாகத் தொங்குகிற ஏணைத் தொட்டில்கள், பால் காய்ச்சுகிற பெரிய சட்டி, எந்தத் தாயின் பிள்ளை அழுகிறது என்று பார்க்காமலே சொல்கிற நீ. அபி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கோட்டையை விட்டு ஓடிவருகிற பெண்களுடைய பிள்ளைகளையெல்லாம் அவள் ஏணை கட்டி ஆட்டுகிறாள். புத்தகத்தில் உனக்கு மூக்குத்திகூட இருக்கிறது.

4

பிறகு யசோ நிஜமாகவே புறப்பட்டுவிட்டாள். கதையைக் கேட்டுத்தான் புறப்பட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நாள் ராத்திரி என்ன நடந்தது என்று அவள் முதுகைப் பார்த்த உனக்குத்தான் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹேவாஹெட்டைக்கு ஒரு பஸ். லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த அறை, எங்கள் காம்பிரா, இப்போது இல்லை. தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர்களுக்குத்தான் காம்பிரா, நான் ப்ளேன் ஏறியதும் வேறு குடும்பம் வந்துவிட்டது. யசோ அந்தக் கதவைப் பார்க்கக்கூட இல்லையாம். நேராக உன் வாசலுக்கு வந்தாள். நீ ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டாய்.

அன்று நான் அபியிடம் சொன்னேன். "புள்ள வந்துட்டாடி. சூனியக்காரி வீட்டுக்கு வந்து சேந்துட்டா!" அபி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் நாற்பது கிலோதான்.

அந்த வாரம் முடிவதற்குள் ரமேஷ் வந்தான். நம் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷன் பெண்டாட்டி வழக்கு என்றால் தோட்டத்துத் தலைவர் முன்னால் பேசி, கோயிலில் கற்பூரச் சத்தியம் வாங்குவார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அது அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. மீறினால் அம்மன் பார்த்துக்கொள்வாள். அதற்குப் பிறகு மனுசர் பேச அங்கே ஒன்றும் இல்லை.

உன் மகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்ததால் நான் லண்டன் குசினியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். மாரியம்மன் வாசல், மழைத் தூறல், கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு உன் வீட்டுக்காரர்.

தலைவர் சொன்னார்: "தம்பி, ஆத்தா முன்னுக்குச் சொல்லு. இனிமே கை ஓங்க மாட்டேன்னு சொல்லி அணை."

"ஓங்க மாட்டேங்க. ஆத்தா மேல சத்தியம்." பட்டென்று அடித்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

"அவ்வளவுதான். இனிமே பொண்ணு தைரியமாப் போகலாம்."

ஆட்களெல்லாம் அழுதார்கள். நானும் இங்கே கை தட்டி அழுதேன். எத்தனை ஆம்பிளை இப்படிச் சத்தியம் செய்ய முன்வருவான்? மீறினால் கை கோணிப்போகும், வாய் இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்தே செய்தானே!

அபி வந்ததும் சந்தோசமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"யசோ என்ன சொன்னவ?"

"அவ என்னடி சொல்றது? அவன்தான் சத்தியம் பண்ணிட்டானே."

"இல்லை அப்பம்மா. போறன் எண்டு அவ சொன்னவளோ?"

ஃபோனில் இருந்ததை அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தலைவர் பேசுகிறார், அவன் பேசுகிறான், பின்னால் நிற்கிற கிழவிகள் பேசுகிறார்கள், ஒரு நாய் குரைக்கிறது. யசோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

5

யசோ அவனோடு கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பிவிட்டாள். இருந்தாலும் அவளை இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மகன் விசாவுக்கு எழுதிப் போட்டான். அந்தத் தாள்கள்தான் எவ்வளவு! நம்மூரில் எந்த நாட்டு ஆள் நீ என்று கேட்டு, குடியுரிமைக்காக எங்கள் அப்பாவைத் தாளோடு அலையவிட்டார்கள், அவர் சாகிறவரைக்கும் ஒரு தாளும் வந்து சேரவில்லை. அதனால் பெரிய கவர் வந்தால் நான் கையால் தொடுவதில்லை. பதில் வந்தது. இல்லை என்று. வந்தால் திரும்பிப் போவாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். மகன் கோபத்தில் கத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க சொல்றது சரிதானடா. திரும்பிப் போகக் கூடாதுன்னுதானே கூப்புடுறோம்" என்றேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் யசோ எடுத்தாள். "திரும்பவும் அடிச்சுட்டாரு அம்மாச்சி."

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளே ஒரு தெம்புதான் வந்தது. சரி, சத்தியத்தை மீறிவிட்டான், இனி ஊரே அவள் பக்கம் என்று நினைத்தேன். பொலிசுக்குப் போகிறாயா என்று அவளிடம் கேட்டதற்கு, "மறுநாளே வெளிய வந்துருவாரு, அப்புறம்?" என்றாள். அதனால்தான் உனக்கு எடுத்தேன், நீ தலைவரிடம் போனாய். அவர் சொன்னதை நீ எனக்கு அப்படியே சொன்னாய், நானும் அப்படியே சொல்கிறேன்.

"மீறியிருந்தா ஆத்தா சும்மா விட்டிருப்பாளா? அவன் கை காலு நல்லாத்தானே இருக்கு. வண்டி ஓடுது, அதுக்குப் புது சீட் போட்டிருக்கான். அந்தப் புள்ளதான் பொய் சொல்லுது."

எனக்கு முதலில் புரியவில்லை பாக்கியம். ஃபோனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து யோசித்தேன். முன்பு அவன் அடித்தால் அடித்தான் என்றாவது நாலு பேர் சொல்வார்கள். இப்போது அவன் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் பொய்க்காரி. அவன் கட்டுகஸ்தோட்டை பாலத்தடியில் நின்று எல்லாரிடமும் சொல்கிறானாம்: "நான் அம்மன் முன்னுக்குச் சத்தியம் பண்ணுனவன்." ஆட்கள் அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்களாம்.

அபியிடம் சொன்னேன். அவள் இதைக் கதை மாதிரியே யோசித்தாள். "எல்லாச் சாபத்துக்கும் ஒரு முறிவு இருக்கும் அப்பம்மா. அது இல்லாமக் கதை இல்லை. இதுக்கு என்ன?"

யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. அவனுடைய கை கோண வேண்டும். அதனால் தினமும் விளக்கேற்றி அம்மனிடம் அதைத்தான் கேட்கிறேன், அந்த வலது கை என்று சரியாகச் சொல்லி. வானதி கேட்டுவிட்டு, "மாமி, ஆரையும் சபிக்கக் கூடாது" என்றாள்.

"சபிக்கல வானதி. ஞாபகப்படுத்துறேன்."

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மனுக்கு எத்தனை தோட்டம்.

உன்னிடமும் கேட்டேன். யசோ திரும்ப வந்து தட்டினால் கதவைத் திறப்பாயா என்று. நீ சொன்ன பதிலுக்கு எனக்குக் கோபம் இல்லை. "நான் தெறந்துருவேங்க்கா. அவரு விட மாட்டாரு. அவரு ஏந்துன தட்டு அது. அவள உள்ள விட்டா அம்மன் வாக்க நம்பலன்னு ஆயிரும்." நீ அழுதாய், நான்தான் தேற்றினேன். உன் வீட்டுக்காரரும் கெட்ட மனுசர் இல்லை. அவர் நம்புகிறார். நானும்தான் நம்புகிறேன், அதுதானே வம்பு. நம்பாமல் இருந்தால் எதற்கு விளக்கேற்றுகிறேன்?

6

இன்று காலை பெட்டி வந்ததும் யசோ எடுத்தாள். புத்தகத்தின் முதல் தாளில் அவள் பேர்தான் இருக்கிறது என்றேன். சந்தோசப்பட்டாள். அனுப்பட்டுமா என்றதற்கு, "எங்க வைக்கிறது அம்மாச்சி" என்றாள். கடைசியில் என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டாள்.

கடைசியை அபி எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தாள், நன்றாகப் பாடம். ராஜகுமாரி முள்ளை வெட்டிக்கொண்டு பிள்ளையோடு சூனியக்காரி வீட்டுக்குப் போய்விடுகிறாள். ராஜகுமாரன் படையோடு வந்து கதவைத் தட்டுகிறான். சூனியக்காரி திறக்கவில்லை. கத்துகிறான், திறக்கவில்லை. கூரைக்கு நெருப்பு வைக்கிறேன் என்கிறான், உள்ளே ஏணை ஆடுகிற சத்தம்தான் கேட்கிறது. குதிரைக்குப் பசிக்கிறது, படைக்குத் தூக்கம் வருகிறது, ஒவ்வொருத்தராகத் திரும்பிப் போகிறார்கள். கடைசியில் அவனும் போய்விடுகிறான்.

கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"அவன் சத்தியம் பண்ணலியா?" என்றாள்.

"எவன்டி?"

"ராசகுமாரன். கதவுக்கு வெளிய நின்னு, அழுதுக்கிட்டு, இனிமே செய்ய மாட்டேன்னு."

"இல்ல. அவன் கத்துறான், பயமுறுத்துறான், அவ்வளவுதான்."

"அப்ப அவளுக்கு லேசு."

இதை அபியிடம் கேட்கிறேன், அவள் என்னமாவது யோசிப்பாள் என்றேன். புத்தகம்தான் அச்சாகிவிட்டதே என்றாள். பிறகு, யாரோ கூப்பிட்டிருப்பார்கள் போல, அவசரமாகச் சொன்னாள்.

"அம்மாச்சி, நாளைக்கு ஃபோனுக்குப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. இவரு கடை வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாரு. இன்னைக்குத்தான் கடைசி."

"நின்னுட்டா எப்படிடி எடுப்பே?"

"கஸ்டமர் வந்துட்டாங்க. மருந்த நேரத்துக்குக் குடிங்க. வைக்கிறேன்."

அபி அடுத்த அறையில் சிநேகிதிகளுக்குப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், சிரிப்புச் சத்தம் கேட்கிறதா உனக்கு? அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடிக்கட்டும். இல்லை, நாளைக்கு... இரு இரு பாக்கியம், மழை பிடித்துவிட்டது. துணியெல்லாம் வெளியே கொடியில் கிடக்கிறது, வானதி வந்தால் கத்துவாள். வைக்கிறேன்.